வேலையிடத்தில் எழுத்தும் கணக்கும்: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் லாண்டரி, மசாலா ஆலை, பேக்கரி, கிடங்கு என்று பல இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுப்பது என் தொழில். தமிழ் பேசும் முதலாளிகள், சூப்பர்வைசர்கள், வேலை செய்கிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் கேட்பவற்றை இங்கே திரட்டியிருக்கிறேன். சட்ட விவரங்கள் தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை.

ஏ.பி.இ.டி. என்கிறார்கள், ஏ.இ.டி. என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். பழைய பெயர் ஏ.பி.இ.டி., இப்போதைய பெயர் ஏ.இ.டி. பெரியவர்களுக்கான அடிப்படைக் கல்வி. நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலை ஏறத்தாழ மூன்றாம் வகுப்புக்குச் சமம், இரண்டாவது ஐந்தாம் வகுப்பு, மூன்றாவது ஏழாம் வகுப்பு. நான்காம் நிலை முடித்தால் ஒன்பதாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழ். உமலுசி என்ற தர அமைப்பு அதைத் தரும்.

இது யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை கிடையாது. நாட்டின் அரசியல் சட்டம் 29ஆம் பிரிவில், அடிப்படைக் கல்வி எல்லோருக்கும் உரிமை என்று சொல்லும்போதே பெரியவர்களின் அடிப்படைக் கல்வியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

எங்கள் ஆட்களில் படிக்கத் தெரியாதவர் யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறோம். அது சரியா?

பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. படிக்கத் தெரியாத ஒருவர் இருபது வருஷமாக ஒரே இடத்தில் வேலை பார்த்திருப்பார், பக்கத்தில் நிற்பவருக்கே தெரிந்திருக்காது. மறைப்பதில் அவ்வளவு பழக்கம். "கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன்" என்பார். லீவு ஃபாரத்தைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போய் மகளிடம் நிரப்பி வாங்கி வருவார். வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டால் பதில் வராது, குரல் பதிவாகக் கேட்டால் உடனே வரும். புதிய ஃபாரம் வந்த அன்றைக்கு மட்டும் யாரோடாவது சண்டை போடுவார். சூப்பர்வைசர் வேலை கொடுத்தால், "வேண்டாம், இதுவே போதும்" என்று ஒதுங்குவார். முதலாளி அதை ஆசையில்லாத ஆள் என்று எடுத்துக்கொள்வார். சூப்பர்வைசர் ஆனால் ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுத வேண்டுமே என்ற பயம்தான் அங்கே.

கண்டுபிடிப்பதற்காக எல்லோரையும் நிற்கவைத்து எதையாவது வாசிக்கச் சொல்லாதீர்கள். ஒரு முறை அப்படிச் செய்துவிட்டால் அந்த இடத்தில் வகுப்பு தொடங்குவதே கஷ்டம்.

நிறவெறி ஆட்சி போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எப்படி?

இன்று அறுபது வயதை நெருங்குகிறவர் எழுபதுகளில் பள்ளிக்குப் போன குழந்தை. 1953இல் வந்த பாண்டு கல்விச் சட்டம், கறுப்பினக் குழந்தைகளுக்குக் குறைந்த படிப்பே போதும் என்று திட்டமிட்டுச் செய்தது. பண்ணைகளில் வளர்ந்தவர்களுக்கு அதுவும் முழுசாகக் கிடைக்கவில்லை. அறுவடை வந்தால் பள்ளி நின்றுவிடும்.

நம் குடும்பங்களையும் பாருங்கள். 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து 1911இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்கும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேட்டாலுக்கு (இன்றைய குவாஸூலு-நேட்டால் மாகாணம்) வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளைப் பெரும்பாலும் சமூகமே காசு போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. ஆண் பிள்ளையை அனுப்பினார்கள். பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் பல ஆன்ட்டிகள் ஸ்டாண்டர்டு இரண்டு, மூன்றோடு (இன்றைய நான்காம், ஐந்தாம் வகுப்பு) நின்று துணி ஆலைக்குப் போனவர்கள்தான்.

அப்புறம், வேலை பார்த்துக்கொண்டே படிப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1890இல் ஒப்பந்தத் தொழிலாளியாகக் கொல்லத்திலிருந்து வந்த எம்.எல். சுல்தான் வாரிக் கொடுத்த பணத்தில் எழுந்த டர்பன் தொழிற்கல்லூரி, வேலைக்குப் போகிறவர்களுக்கான பகுதிநேர வகுப்புகளிலிருந்துதான் வளர்ந்தது. 2002இல் அது இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து, இன்றைக்கு டி.யு.டி. என்ற டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

எந்த மொழியில் தொடங்குவது? ஆங்கிலம்தானே வேலைக்கு வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் தப்பாக முடிவெடுக்கப்படுவதும் இதில்தான்.

ஒருவர் எந்த மொழியில் கனவு காண்கிறாரோ அந்த மொழியில் முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும். குவாஸூலு-நேட்டாலில் பெரும்பாலும் அது ஸூலு. ஸூலு எழுத்துமுறை ஒழுங்கானது: ஐந்து உயிரெழுத்து, எழுதியபடி வாசிக்கலாம். நாக்கைச் சொடுக்கும் ஒலிகளுக்குக்கூட சி, கியூ, எக்ஸ் என்று தனித்தனி எழுத்து வைத்திருக்கிறார்கள். தமிழைப் போலவே யார், எப்போது, என்ன செய்தார் என்பதெல்லாம் ஒரே நீண்ட சொல்லில் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் அசை பிரித்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் சில மாதங்களில் பிடித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. ஒரே எழுத்து நான்கு விதமாக ஒலிக்கும். எழுத்து என்றால் என்னவென்றே பழகாதவரிடம், தெரியாத மொழியையும் தாறுமாறான எழுத்தையும் ஒன்றாகத் திணித்தால், மூன்றாவது வாரம் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். 1966 முதல் இந்த மாகாணத்தில் வேலை செய்துவரும் 'ஆப்பரேஷன் அப்கிரேட்' போன்ற அமைப்புகளும் தாய்மொழியில்தான் தொடங்குகின்றன. ஸூலுவில் வாசிப்பு வந்த பிறகு ஆங்கிலத்துக்குத் தாவுவது சுலபம்.

இதற்கு இரண்டு விலக்கு உண்டு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் ஆன்ட்டிகளுக்கும் அங்கிள்களுக்கும் வீட்டு மொழியே ஆங்கிலம். அவர்களுக்கு ஆங்கிலத்திலேயே தொடங்கலாம். இரண்டாவது, தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அண்மையில் வந்த சமையல்காரர், மெக்கானிக், கோயில் பணியாளர். இவர் தமிழில் நாளிதழ் வாசிப்பார், கணக்குப் போடுவார். இவருக்கு எழுத்தறிவு இருக்கிறது, ஆங்கிலம்தான் இல்லை. தயவுசெய்து இவரை முதல் நிலை வகுப்பில் உட்காரவைக்காதீர்கள். அவருக்கும் அவமானம், பக்கத்தில் இருப்பவருக்கும் தொந்தரவு. பேச்சு ஆங்கிலத்துக்கு அவருக்குத் தனி வகுப்பு வேண்டும்.

ஃபானகலோவில் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறதே. அது போதாதா?

போதாது. ஃபானகலோ தோட்டத்திலும் சுரங்கத்திலும் கட்டளையிடப் பயன்பட்ட கலப்பு மொழி. "எடு, வை, சீக்கிரம்" என்று சொல்லலாம். ஏன் என்று விளக்கவோ, திருப்பிக் கேள்வி கேட்கவோ அதில் இடம் குறைவு. வயதில் மூத்த பலருக்கு அதைக் கேட்டாலே பழைய காலத்து வசவுகள் ஞாபகம் வரும்.

வகுப்பில் உண்மையில் என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

பாடநூல் இருக்கிறது. ஆனால் நான் முதலில் கேட்பது அவர்கள் கையில் தினமும் வந்துபோகும் காகிதங்களை: பேஸ்லிப், ஜாப் கார்டு, லீவு ஃபாரம், ரசாயன டப்பாவின் லேபிள், கிளினிக் அட்டை. இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, தராசு. மசாலா கலக்கும் இடத்தில் ரெசிப்பித் தாளில் 2,5 கிலோ என்று இருக்கும். இந்த நாட்டில் பள்ளியிலும் அரசுத் தாள்களிலும் தசமத்துக்குக் கமா போடுவதுதான் வழக்கம். மின்தராசோ 2.500 என்று புள்ளி வைத்துக் காட்டும். தசமம் படிக்காதவர் கண்ணுக்கு முதலாவது "இரண்டு, ஐந்து", அடுத்தது "இரண்டாயிரத்து ஐந்நூறு". இரண்டும் ஒரே எடை என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. அதனால் அவர் எண்ணைப் பார்ப்பதே இல்லை. கரண்டிக் கணக்கில், கை ஞாபகத்தில் போடுகிறார். பழைய ரெசிப்பி இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. ரெசிப்பி மாறிய அன்று ஒரு தொட்டி மிளகாய்த்தூள் வீணாகும், பழி அவர்மேல் விழும். நாங்கள் செய்வது இதுதான்: தராசையே வகுப்புக்குக் கொண்டுவந்து, ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்து 1.000 என்று காட்டி, பாதியைக் கொட்டி 0.500 என்று காட்டுவோம். அந்த 0.500ஐக் கமா போட்டு 0,5 என்று சுண்ணக்கட்டியால் எழுதுவோம். ஒரு மணி நேரம் இதையே செய்தால் தசமம் கைக்கு வந்துவிடும். சதவீதம் அதற்குப் பிறகு தானாக வரும்.

இன்னொன்று, பேஸ்லிப். ஒரு லாண்டரியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஆன்ட்டி என் வகுப்பில் இருந்தார். சம்பளச் சீட்டில் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார். ஒரு நாள் எல்லோரும் அவரவர் சீட்டை விரித்து வைத்து வரிவரியாக வாசித்தோம். சாதாரண மணி எத்தனை, ஓவர்டைம் மணி எத்தனை. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்பது சட்டம். மணிக்கு 40 ராண்டு என்றால் ஓவர்டைமில் 60. ஆறு மணி நேரத்துக்கு 360. யு.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டுப் பிடித்தம் தொழிலாளியிடமிருந்து ஒரு சதவீதம், முதலாளியும் அதே ஒரு சதவீதம் போட வேண்டும். ஆன்ட்டி விரல் வைத்து வாசித்து, பெருக்கிப் பார்த்து, "நான் ஆறு மணி நேரம் நின்றேன், இதில் நான்குதான் இருக்கிறது" என்றார். அலுவலகத்தில் கேட்டார். கார்டு பதிவில் தப்பு, அடுத்த வாரம் சரி செய்தார்கள். அவர் அதற்கு முன் அலுவலகக் கதவைத் தாண்டியதே இல்லை என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

லேபிள் விஷயத்தையும் விடக் கூடாது. 2021இல் வந்த அபாய ரசாயன விதிமுறைகள்படி டப்பாக்களில் உலகப் பொதுக் குறிகள் இருக்க வேண்டும்: மண்டையோடு, தீச்சுடர், ஆச்சரியக்குறி. படம்தானே, யாருக்கும் புரியும் என்று விடாதீர்கள்; சொல்லித் தராமல் புரிவதில்லை. பிளீச்சையும் அமிலம் கலந்த கழுவு திரவத்தையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு வரும். டாய்லெட் கழுவும் ஒவ்வொருவரும் அதை வாசித்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

வகுப்பை எப்போது வைப்பது? வேலை முடிந்த பிறகு வைத்தால் உற்பத்தி பாதிக்காது அல்லவா?

உற்பத்தி பாதிக்காது, வகுப்புக்கு ஆளும் வராது. ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் மினிபஸ் டாக்ஸிக்கு வரிசை நிற்க வேண்டும். இருட்டிய பிறகு நடந்து போவது பெண்களுக்குப் பயம். வீட்டில் சமையல் காத்திருக்கும். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தவர் மாலையில் எழுத்துக் கூட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சம்பளம் கொடுக்கும் நேரத்திலேயே வையுங்கள். முழுதும் முடியாவிட்டால் பாதி உங்கள் நேரம், பாதி அவர்கள் நேரம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, தலா இரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், ஒரு பாடத்தில் ஒரு நிலை முடிய எட்டு ஒன்பது மாதம் ஆகும். டிசம்பரில் வேலை குவியும், ஆள் ஊருக்குப் போகும். அப்போது நிறுத்திவிட்டு ஜனவரி கடைசியில் தொடருங்கள். வகுப்பு நடுவில் "ஒரு லோடு வந்திருக்கு, இரண்டு பேரை அனுப்புங்க" என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்துங்கள். எனக்குக் கோபம் வருவது அந்த ஒரு விஷயத்தில்தான். இந்தப் படிப்பை முதலாளி எவ்வளவு மதிக்கிறார் என்பதைத் தொழிலாளி அதிலிருந்தே அளந்துவிடுவார்.

செலவை யார் தருவது?

வருஷச் சம்பளக் கணக்கு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் நிறுவனம் ஏற்கெனவே திறன் வரி கட்டுகிறது: சம்பளத் தொகையில் ஒரு சதவீதம், மாதாமாதம் சார்ஸ் என்ற வரித்துறை வழியாக. அதில் ஐந்தில் நான்கு பங்கு உங்கள் துறைக்கான சீட்டா என்ற பயிற்சி அமைப்புக்குப் போகிறது. உணவுத் தயாரிப்புக்கு ஒன்று, துணிக்கும் மரத்துக்கும் காகிதத்துக்கும் ஒன்று, கடைகளுக்கு ஒன்று என்று 21 சீட்டாக்கள் உண்டு.

வருஷத்தில் ஏப்ரல் 30க்குள் டபிள்யூ.எஸ்.பி. என்ற பயிற்சித் திட்டத்தையும் போன வருஷப் பயிற்சி அறிக்கையையும் கொடுத்தால் கட்டியதில் 20 சதவீதம் திரும்ப வரும். எல்லோருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 60,000 ராண்டு என்றால் வருஷத்துக்கு 7,200 கட்டுகிறீர்கள், 1,440 திரும்பும். சின்னத் தொகைதான். பெரிய உதவி, சீட்டா தன் விருப்பத்தில் கொடுக்கும் மானியம். அடிப்படைக் கல்விக்கு அதில் கேட்கலாம். ஆனால் பயிற்சித் திட்டம் கொடுக்காதவருக்கு அந்தக் கதவும் பெரும்பாலும் திறக்காது. எனக்குத் தெரிந்த எத்தனையோ நம்மவர்கள் வரியைக் கட்டுகிறார்கள், ஏப்ரலை விட்டுவிடுகிறார்கள். அக்கவுண்டன்டிடம் இன்றே கேளுங்கள்.

ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பயிற்சிக் குழு ஒன்று வேண்டும். ஷாப் ஸ்டூவர்டை (தொழிற்சங்கப் பிரதிநிதியை) முதல் நாளே அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் நம்பினால்தான் மற்றவர்கள் வருவார்கள்.

வகுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

வகுப்பு நடத்தக் கட்டாயம் இல்லை. படிப்பு லீவும் அடிப்படை வேலைச் சட்டத்தில் கிடையாது, ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. ஆனால் 1997இன் அந்தச் சட்டத்தின்படி வேலை விவரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். தொழிலாளிக்கு அது புரியவில்லை என்றால், அவருக்குப் புரியும் மொழியிலும் விதத்திலும் விளக்குவது முதலாளியின் பொறுப்பு. உரிமைகள் பற்றிய அறிவிப்பையும் அங்கே பேசப்படும் அரசு மொழிகளில் ஒட்ட வேண்டும். "கையெழுத்துப் போட்டாரே" என்ற ஒரே பதில் எல்லா இடத்திலும் செல்லாது.

முதலில் ஒரு சோதனை வைப்பீர்களாமே. அந்த மார்க்கை எங்களுக்குத் தருவீர்களா?

நிலை பிரிக்க ஒரு சோதனை உண்டு. யார் எந்த நிலை என்று வகுப்புப் பட்டியல் தருவேன், தனி ஆள் மார்க் தர மாட்டேன். தொடங்குவதற்கு முன் இதை எழுதி வாங்கிக்கொள்கிறேன். 'பொப்பியா' என்ற தனிநபர் தகவல் சட்டத்தில் அது அவருடைய தகவல்.

இதற்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது. ஆள் குறைப்புப் பேச்சு அடிபடும் இடத்தில் சோதனை என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. எனவே முதல் கூட்டத்திலேயே முதலாளி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "இந்தச் சோதனையை வைத்து யாரையும் அனுப்ப மாட்டோம்" என்று சொல்ல வேண்டும். தாளில் ஒட்டினால் போதாது; அதை வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத்தானே கூட்டம். சொல்ல மனமில்லாத முதலாளிகள் இருந்திருக்கிறார்கள். அங்கே நான் வகுப்பு எடுக்கவில்லை.

நான் வேலை பார்க்கிறவன். சேர ஆசை, ஆனால் சின்னப் பையன்கள் சிரிப்பார்களே?

வகுப்பை ஓரமான அறையில் வைக்கச் சொல்லுங்கள், கேன்டீனில் வேண்டாம். நாங்கள் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸூலு பெரியவரை 'பாபா' என்போம், நம் பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி, அண்ணா, அக்கா என்போம். சத்தமாக வாசிக்கச் சொல்வது நீங்களாக முன்வரும்போது மட்டும். முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். பென்சில் பிடிக்கவே கை வலிக்கும். இருபது வருஷம் பெட்டி தூக்கிய கை அல்லவா. வலி போய்விடும், வாருங்கள்.

படித்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டால்?

சிலர் போவார்கள். போகட்டும். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் இருக்கிறார்கள். தன்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த இடத்தை யாரும் லேசில் விடுவதில்லை.

எங்களிடம் ஆறு பேர்தான். தனி வகுப்பு கட்டுப்படியாகாது.

பக்கத்துக் கடைகளோடு சேர்ந்து ஒரு வகுப்பு வையுங்கள். கோயில் மண்டபமோ சபைக் கட்டடமோ பகலில் காலியாகத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் அரசின் சமூகக் கல்விக் கல்லூரி: 2015 முதல் மாகாணத்துக்கு ஒன்றாக ஒன்பது இருக்கின்றன, ஊருக்கு ஊர் கற்றல் மையங்கள் உண்டு. நீங்கள் செய்ய வேண்டியது அந்த நாளில் ஆளைச் சீக்கிரம் விடுவதும் டாக்ஸிக் காசு கொடுப்பதும்தான்.

ஃபோன் ஆப் வைத்துக் கற்றுக்கொள்ள முடியாதா?

துணைக்குச் சரி. முதல் எழுத்துக்கு ஆள் வேண்டும். டேட்டா காசும் யோசிக்க வேண்டும்.

என் அம்மா ஃபீனிக்ஸில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறார், வயது 58. ஸ்டாண்டர்டு நான்கு வரை படித்ததாகச் சொல்கிறார். எங்கே சேர்ப்பது?

பழைய ஸ்டாண்டர்டோடு இரண்டைக் கூட்டினால் இன்றைய கிரேடு வரும். ஸ்டாண்டர்டு நான்கு என்றால் கிரேடு ஆறு. தாளின்படி மூன்றாம் நிலையில் தொடங்கலாம். ஆனால் நாற்பத்தைந்து வருஷமாக எழுதாமல் இருந்தவருக்குக் கை மறந்திருக்கும். இரண்டாம் நிலையில் உட்காரவைத்து, இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். பழைய சான்றிதழ் தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், நிலை பிரிக்கும் சோதனைக்கு அது தேவையில்லை. வகுப்பில் சேர்வதற்கு முன் கண் பரிசோதனை செய்து கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். "எனக்கு மண்டையில் ஏறாது" என்று சொன்ன எத்தனையோ பேருக்கு எழுத்தே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. அடையாள அட்டையின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள், தேர்வுக்குப் பதிவு செய்யும்போது கேட்பார்கள். மற்றதை அம்மாவே முடிவு செய்யட்டும். எந்த நாள், எந்த வகுப்பு என்பதை அவரையே கேளுங்கள்.